எண்ணிக் காட்டிய அறிஞர் டூ பாய்ஸ்

ஒரு சமுதாயம் நோயுற்று இளமையிலேயே மாளுமானால், அதற்குக் காரணம் அம்மக்களின் பிறப்பிலேயே உள்ள குறை என்று சொல்லிவிடுவது ஆதிக்கம் செலுத்துவோர்க்கு மிக எளிது. குடிநீர் எட்டாத தெருவும், காற்றுப் புகாத குடிலும், வாசலிலேயே தடுத்து நிறுத்தும் மருத்துவமனையும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் மீது சுமத்தப்பட்ட இத்தகைய பழியைத் தக்க சான்றுகளோடு மறுத்து, அந்நாட்டு அரசின் கடமையை நினைவூட்டிய பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் ஆவார். அவருடைய வாழ்க்கையை நம் வெள்ளி விழா மலரின் வாயிலாக இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

இளமையும் கல்வியும்

டூ பாய்ஸ் 1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. குழந்தைப் பருவத்திலேயே தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார். ஏழைத் தாயின் அரவணைப்பிலேயே சிறுவர் வளர்ந்தார். உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஃபிராங்க் ஹாஸ்மர் அவருடைய அறிவுக் கூர்மையைக் கண்டு, கல்லூரிக்குரிய பாடங்களைப் பயிலுமாறு தூண்டினார். ஓர் ஆசிரியரின் தூண்டுதல் ஒரு மாணவனின் வாழ்வை எத்துணை உயரத்துக்குக் கொண்டு செல்லும் என்பதற்கு இது நற்சான்றாகும்.

ஊர்த் திருச்சபையினர் திரட்டித் தந்த பொருளுதவியுடன் 1885-இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் டென்னசி நாட்டுப்புறத்துக்குச் சென்று, கறுப்பினச் சிறார்க்குப் பாடம் சொன்னார். பின்னர் ஹார்வர்டிலும் ஜெர்மனியின் பெர்லினிலும் பயின்றார். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமையை எய்தினார்.

வீடு வீடாகச் சென்ற ஆய்வு

1896-இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்னும் ஆயுள் காப்பீட்டுப் புள்ளியியலார் ஒரு நூலை வெளியிட்டார். கறுப்பினத்தார் மிகுதியாக இறப்பது அவர்களுடைய இனத்தின் இயல்பு என்றும், அவ்வினம் நாளடைவில் தேய்ந்து போகும் என்றும் அந்நூல் வாதிட்டது. கற்றோர் பலர் அதனை நம்பினர். அதனைக் காரணம் காட்டிக் கறுப்பினத்தார்க்குக் காப்பீடு மறுப்பதும் எளிதாயிற்று.

அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாம் வட்டத்துக் கறுப்பின மக்களைப் பற்றி ஆராயும் பணியை டூ பாய்சிடம் ஒப்படைத்தது. அவர் தம் துணைவியார் நீனாவுடன் அவ்வட்டத்திலேயே ஒரு சிறு அறையில் குடியேறினார். கையில் வினாப் படிவங்களை ஏந்தி, வீடு வீடாகச் சென்றார். தொழில், வருவாய், வாடகை, கல்வி, நோய் ஆகிய அனைத்தையும் கேட்டுக் குறித்தார். 2441 குடும்பங்களில் 334 குடும்பங்களுக்கு மட்டுமே குளியலறையும் கழிப்பறையும் கிட்டியிருந்தன என்று அவர் கணக்கிட்டார். நெருக்கடியான குடியிருப்பு, தாழ்ந்த கூலி, உயர்ந்த வாடகை ஆகியவை உடலை வாட்டும் விதத்தை எண்களால் நிறுவினார். இவ்வாய்வு 1899-இல் நூலாக வெளிவந்தது. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் வெள்ளையரிடையேயும் அதே அளவு உயர்ந்த இறப்பு விகிதம் இருந்ததை எடுத்துக்காட்டி, ஹாஃப்மனின் வாதத்தை அவர் தகர்த்தார்.

அவ்வாண்டிலேயே பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கியது. அட்லாண்டா நகரில் பேராசிரியராக இருந்தபோது, அவருடைய ஒரே மகன் இரண்டு வயது நிறையுமுன் தொண்டை அடைப்பான் நோயால் மாண்டான். கறுப்பினக் குழந்தைக்கு மருத்துவ உதவி கிட்டுவதே அரிதாயிருந்த நகரம் அது. அம்மண்ணில் மகனைப் புதைக்க மனமின்றி, தாம் பிறந்த ஊருக்கே உடலைக் கொண்டு சென்று அடக்கம் செய்தார். எண்களுக்குப் பின்னால் நிற்பவை உயிர்கள் என்பதை அவர் தம் இல்லத்திலேயே கண்டார்.

அரசின் இரு முகங்கள்

அறிவு அரசைச் சென்றடைய வேண்டும் என்பது டூ பாய்சின் நோக்கம். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்னும் ஊரைப் பற்றி அவர் செய்த ஆய்வை அரசின் தொழிலாளர் துறையே 1898-இல் வெளியிட்டது. ஆனால் 1906-இல் அலபாமாவின் லௌண்ட்ஸ் மாவட்டத்து உழவர் நிலையைப் பற்றி அரசுக்காகவே அவர் செய்த விரிவான ஆய்வு அச்சேறவில்லை. கையெழுத்துப் படியும் அழிக்கப்பட்டது. உண்மை கசப்பாக இருக்கும்போது அதனை மூடி வைக்கவும் அரசுகள் தயங்குவதில்லை.

அவர் சோர்ந்தாரில்லை. அதே 1906-இல் கறுப்பின மக்களின் உடல்நலம் பற்றிய அறிக்கையை அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். வாழ்க்கை நிலை உயர்ந்தால் இறப்பு குறையும் என்பதே அதன் சாரம். 1909-இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். அதன் இதழான கிரைசிசை 1910 முதல் 1934 வரை நடத்தினார்.

அக்காலத்தில் அரசின் சுகாதாரத் துறை நடந்துகொண்ட விதத்தையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1915-இல் தொடங்கிய கறுப்பினச் சுகாதார வாரத்தைப் பின்னாளில் அத்துறை ஏற்று நடத்தியது. அதே துறைதான் 1932 முதல் 1972 வரை, டஸ்கிகீ என்னுமிடத்தில் மேகநோய் கொண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவர்க்கு மருந்தளிக்காமல், நோயின் போக்கை வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பின்னும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அரசின் சார்பில் மன்னிப்பு 1997-இல்தான் வந்தது.

அண்ணல் அம்பேத்கருடன் தொடர்பு

1946-இல் அண்ணல் அம்பேத்கர் டூ பாய்சுக்கு ஒரு மடல் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டு, தீண்டப்படாத மக்களும் அவ்வழியே முறையிட எண்ணுவதாகத் தெரிவித்தார். டூ பாய்ஸ் நம் மக்கள்பால் தமக்குள்ள பரிவை உணர்த்தி மறுமொழி விடுத்தார். கடல் கடந்த இரு மேதைகள், ஒடுக்கப்பட்டோரின் துயர் ஒன்றே என உணர்ந்த நிகழ்ச்சி இது. அடுத்த ஆண்டில் டூ பாய்ஸ் தாமே முன்னின்று மற்றொரு விரிவான விண்ணப்பத்தை அவ்வவைக்கு அளித்தார்.

முதுமையில் அவர் பட்ட இன்னல்கள் பல. 1951-இல் அரசு அவர் மீது வழக்குத் தொடுத்தது; நீதிமன்றம் விடுவித்தது. கடவுச்சீட்டும் சில ஆண்டுகள் மறுக்கப்பட்டது. 1961-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குச் சென்றார். 1963 ஆகஸ்டு 27-ஆம் நாள், தம் 95-ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். மறுநாள் வாஷிங்டன் நகரில் உரிமைப் பேரணியில் திரண்டிருந்த பெருங்கூட்டத்துக்கு அவருடைய மறைவு அறிவிக்கப்பட்டது.

அவர் காணாத விளைவு

1946-ஆம் ஆண்டின் மருத்துவமனைச் சட்டம், கறுப்பினத்தார்க்குத் தனி மருத்துவமனை என்னும் பிரிவினைக்கே அரசுப் பணத்தை வழங்கியது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், இனப் பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு அரசுப் பணம் இல்லை என்று விதித்தது. 1966-இல் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, அந்நிதியைப் பெற விரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களுக்குள் பிரிவினையைக் கைவிட்டன. தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளின் சாவும் விரைந்து குறைந்தது. மக்களின் குருதி மாறவில்லை. கதவு திறந்தது, குழந்தைகள் பிழைத்தன. டூ பாய்சின் கூற்றுக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

1985-இல் அரசே வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மை இனத்தாரிடையே ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 மிகைச் சாவுகள் நேர்வதாக ஒப்புக்கொண்டது. 2019-இல் மில்வாக்கி மாவட்டம் இனவெறியை மக்கள் நல்வாழ்வு நெருக்கடி என்று அறிவித்தது. 2021-இல் நாட்டின் நோய்த் தடுப்பு மையமும் அக்கருத்தை வழிமொழிந்தது. ஆயினும் 2025-இல் ஆட்சி மாறியதும், சமநிலையை நாடிய திட்டங்கள் பலவற்றை நிறுத்த ஆணை பிறந்தது. பெற்றதைக் காப்பதற்கும் விழிப்பு வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

அன்பார்ந்த இளைஞர்களே! பட்டம் பெற்ற டூ பாய்ஸ் தம் மக்களின் தெருவைவிட்டு விலகிச் செல்லவில்லை. குறிப்பேட்டுடன் அத்தெருவுக்கே சென்றார். நம் கழகத்தின் உதவியால் கற்ற நீங்களும் அவ்வாறே செல்லுங்கள். எத்தனை வீடுகளுக்குக் குழாய் உண்டு, எத்தனை வீடுகளுக்குக் கழிப்பறை உண்டு, எத்தனை பேர் காசநோயால் வாடுகின்றனர், பிரசவத்துக்கு எத்தனை கல் தொலைவு செல்ல வேண்டியுள்ளது என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியர் முன் நில்லுங்கள். வெறுங்கையுடன் சென்றால் நம் குறை முணுமுணுப்பாகத் தோன்றும். கணக்குடன் சென்றால் அதற்கு விடையளித்தே ஆகவேண்டும். அந்த அறிஞருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.