செருப்புத் தைத்த பேராசிரியர்

பெரியோர் வரலாற்றை எழுதுகிறவர்களில் பலர், அவர்கள் பெரியோர் ஆன நாளிலிருந்தே எழுதத் தொடங்குகிறார்கள். வில்லியம் கேரி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன வங்காளத்துச் செராம்பூரும், அங்கே எழுந்த அச்சகமும் கல்லூரியும், பல மொழி இலக்கணங்களுமே. நான் இங்கே சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கேரியை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், சந்தை கூடும் சிற்றூர்களுக்கிடையே, குத்தூசியும் தோலுமாக முப்பது வயதுவரை வாழ்ந்த கேரியை. அந்த முற்பகுதி விளங்கினால்தான் பிற்பகுதி விளங்கும் என்பது என் எண்ணம்.

கேரி பிறந்தது 1761 ஆகஸ்டு 17. ஊர், நார்த்தாம்ப்டன்சையர் மாவட்டத்தில் உள்ள பாலர்ஸ்பரி. பழைய உரோமானியர் பாதையில் அமைந்த டோஸ்டர் என்னும் சந்தை ஊருக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. அக்காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் உழவு மட்டும் அல்ல, பல கைத்தொழில்களும் நடந்தன. ஆண்கள் வீட்டிலேயே தறி போட்டுக் கம்பளித் துணி நெய்தார்கள். பெண்களும் சிறுமிகளும் மடியில் திண்டு வைத்து, மரக் கதிர்களில் நூல் சுற்றி, லேஸ் பின்னினார்கள். மேய்ச்சல் நிலம் மிகுதி. ஆதலால் தோல் கிடைத்தது. ஓக் மரம் மிகுதி; ஆதலால் தோல் பதனிடப் பட்டை கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்து அந்த மாவட்டத்தைச் செருப்புத் தைப்போரின் மாவட்டமாக ஆக்கின.

கேரியின் தந்தை எட்மண்டு ஒரு நெசவாளர். மகனுக்கு ஆறு வயதானபோது ஊர்ப் பள்ளி ஆசிரியர் வேலையும், கோயில் எழுத்தர் வேலையும் அவருக்குக் கிடைத்தன. இதனால் வீட்டிற்குள் சில புத்தகங்கள் வந்தன. தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் கனடாவிலிருந்து திரும்பி வந்திருந்தார், அவர் தோட்டக்காரர். செடி கொடிகளின் பெயரையும் இயல்பையும் சிறுவன் அவரிடம் கற்றான். வயலில் வேலை செய்ய அவன் உடல் இடம் தரவில்லை. வெயில் பட்டால் தோல் புண்ணாகும். ஆகவே பதினான்காம் வயதில் பிடிங்டன் என்ற ஊரில் இருந்த செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். உழவுக்கு ஆகாத உடல் என்று தள்ளப்பட்டவனே தோல் தொழிலுக்கு வந்தான்.

அந்நாளில் தொழில் பழகுதல் என்பது முதலாளி வீட்டிலேயே உண்டு உறங்கி, அவருக்கு அடங்கி நடப்பது. ஒரு கிறிஸ்துமஸ் பருவத்தில் கேரி கடைதோறும் சென்று இனாம் கேட்டான். இரும்புக் கடைக்காரர் ஒருவர் விளையாட்டாகச் செல்லாத ஷில்லிங் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். சிறுவன் அதை முதலாளியின் பணத்தில் கலந்துவிட்டு, நல்ல ஷில்லிங்கைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டான். குட்டு வெளிப்பட்டது. வெட்கத்தால் பல நாள் அவன் தெருவில் தலைகாட்டவில்லை. பின்னாளில் இதனை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இக் காரணத்தாலேயே அவர் தம்மைப் பற்றிச் சொன்ன மற்றவற்றையும் என்னால் நம்ப முடிகிறது.

அந்த முதலாளியின் அலமாரியில் ஒரு விவிலிய உரைநூல் இருந்தது. அதன் இடையிடையே கிரேக்க எழுத்துகள் கிடந்தன. பொருள் தெரியாத அந்த எழுத்துகளைக் கேரி அப்படியே பார்த்து வரைந்துகொண்டான். ஊருக்குப் போகும்போது அவற்றை டாம் ஜோன்ஸ் என்பவரிடம் காட்டிக் கேட்டான். அந்த ஜோன்ஸ் யார்? நல்ல கல்வி பெற்றும் வாழ்க்கையில் நொடித்துப் போய், சொந்த ஊரில் தறியில் உட்கார்ந்திருந்த ஒரு நெசவாளர். கேரியின் முதற் கிரேக்க ஆசிரியர் அவரே. எந்தப் பல்கலைக் கழகமும் கேரிக்குக் கிரேக்கம் கற்பிக்கவில்லை. ஒரு தறிக்குழி கற்பித்தது.

முதலாளி 1779இல் இறந்தார். கேரி அருகிலுள்ள ஹேக்கில்டனில் மற்றொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1781இல் டாரதி பிளாக்கெட்டை மணந்தார். டாரதிக்கு எழுதத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் இட்டார். முதற் பெண் குழந்தை காய்ச்சலால் மாண்டது. கேரியும் அதே காய்ச்சலில் விழுந்து தலைமயிரை இழந்தார். அப்போது அவருடைய தம்பி தாம் சேர்த்து வைத்திருந்த சிறு பணத்தை அனுப்பினான். பாலர்ஸ்பரி மக்கள் தங்களுக்குள் தண்டித் தொகை சேர்த்தார்கள். அதைக்கொண்டு கேரி குடும்பத்திற்கு ஒரு சிறு குடிசை கிடைத்தது. ஏழைக்கு ஏழைதான் உதவுவான் என்பது எல்லா நாட்டிற்கும் பொதுவான உண்மை போலும்!

1785இல் அவர் மோல்ட்டன் என்ற ஊருக்குச் சென்றார். பகலில் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு பாப்டிஸ்ட் சபையின் போதகர். இரண்டிலும் வயிறு நிறையாததால் மற்ற நேரமெல்லாம் செருப்புத் தைப்பவர். தைத்தவற்றைப் பையில் சுமந்து நடந்துபோய் ஒப்படைப்பார்; புதுத் தோலைச் சுமந்து நடந்து திரும்புவார். கேப்டன் குக்கின் கடற் பயண நூலைப் படித்தபின் உலகம் முழுவதும் அவர் மனத்தில் குடியேறியது. காகிதங்களை ஒட்டிப் பெரிய உலகப் படம் ஒன்று வரைந்து, வேலை செய்யும் இடத்துச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு நாட்டின்மேலும் அதன் மக்கள்தொகை முதலியவற்றைக் குறித்து வைத்தார். பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விலைக்கு ஓர் உருண்டை வாங்க வழியில்லை; பல நிறத் தோல் துண்டுகளைத் தைத்துத் தாமே ஓர் உருண்டை செய்தார்.

பக்கத்துச் சந்தை ஊர்களில் கெட்டரிங் ஒன்று. 1227இல் அரசாணை பெற்ற சந்தை அதனுடையது. கேரியின் காலத்தில் அங்கே கம்பளி நெசவு தளர்ந்து, செருப்புத் தொழில் தலையெடுத்துக்கொண்டிருந்தது. அதை அங்கே வளர்த்தவர் தாமஸ் காட்ச் என்பவர். படைவீரர்களுக்குப் பூட்சு தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். தமக்காகத் தைக்கும் கேரி, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் தாமே படிக்கிறார் என்பது அவர் காதுக்கு எட்டியது. வாரம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்டார். ஒன்பது பத்து ஷில்லிங் என்றார் கேரி. இனி நீ என் தோலைப் பாழாக்க வேண்டாம், வாரம் பத்து ஷில்லிங் நான் தருகிறேன், படி என்றார் காட்ச். இந் நாளில் நாம் உதவித்தொகை என்று சொல்கிறோமே, அது கேரிக்கு ஒரு செருப்பு வணிகரின் பணப்பெட்டியிலிருந்து வந்தது.

அதே கெட்டரிங்கில், 1792 அக்டோபர் 2ஆம் நாள், ஒரு கைம்பெண்ணின் வீட்டு அறையில் சிலர் கூடினார்கள். கடல் கடந்து சமயப் பணி செய்ய ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒரு மூக்குப்பொடி டப்பியில் சேர்ந்த வாக்குறுதிகள் மொத்தம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்சு. அடுத்த ஆண்டு கேரி குடும்பத்தோடு கப்பல் ஏறி, நவம்பரில் கல்கத்தாவை அடைந்தார்.

இதன் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. ஆயினும் ஒன்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. டாரதி வர விரும்பவில்லை, வற்புறுத்தலால் வந்தார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் இறந்தான். அந்தத் துயரத்தில் அவர் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அது தெளியவே இல்லை. அடுத்த அறையில் அவர் கதறிக்கொண்டிருக்க, கேரி மொழிபெயர்ப்பில் ஆழ்ந்திருந்தார். சில கிராமங்களைத் தவிர உலகம் அறியாத அந்தப் பெண் கொடுத்த விலை எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நான் செராம்பூர்க் கல்லூரியைக் காணச் சென்றபோது, ஊக்ளி ஆற்றங்கரையில் நின்ற அந்தப் பெரிய தூண்களைப் பார்த்து வியந்தேன். ஆனால் அதைவிட வியப்பளித்தது, அதை எழுப்பியவர்களின் குலமுறைக் கணக்கு. கேரி செருப்புத் தைத்தவர். உடன் பணியாற்றிய மார்ஷ்மன் ஒரு நெசவாளரின் மகன். வார்டு டார்பியிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளி. வங்க எழுத்துகளை உலோகத்தில் செதுக்கி வார்த்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கொல்லர். அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகர். இராமராம் பாசு, மிருத்யுஞ்சய வித்தியாலங்காரர் போன்ற வங்க அறிஞர்கள் மொழியைக் கற்பித்தார்கள், துணை நின்றார்கள். கைத்தொழிலும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த இடம் அது.

1801இல் கேரி கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்க மொழி ஆசிரியரானார். பிறகு வடமொழியும் மராத்தியும் கற்பித்தார். மராத்தி இலக்கணம் 1805இல் வெளிவந்தது; நம் அண்டை மொழிகளான தெலுங்குக்கு 1814இலும் கன்னடத்துக்கு 1817இலும் இலக்கணம் வெளியிட்டார். 1812 மார்ச்சு 11இல் அச்சகம் தீப்பற்றியது. பல ஆண்டு உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படி சாம்பலாயிற்று. அழுதுகொண்டு உட்காராமல், உருகிய ஈயத்தை வழித்தெடுத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். 1820இல் அவர் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். கனடாவிலிருந்து வந்த அந்தத் தோட்டக்காரரின் பாடம் வீண் போகவில்லை. 1829இல் உடன்கட்டையைத் தடுக்கும் சட்டம் மொழிபெயர்க்க வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தாமதித்தாலும் ஒரு பெண் எரிவாள் என்று கருதி, வழிபாட்டை மற்றவரிடம் விட்டுவிட்டு அன்றே மொழிபெயர்த்து முடித்தார். 1834 ஜூன் 9இல் செராம்பூரில் காலமானார்.

ஒரு விருந்தில் ஓர் அதிகாரி, கேரி முன்பு செருப்புத் தைத்தவர்தாமே என்று அவர் காதில் விழும்படி கேட்டாராம். இல்லை, புதுச் செருப்புத் தைக்குமளவு திறமை எனக்கில்லை, பழஞ்செருப்புக்கு ஒட்டுப் போட்டவன் என்று கேரி அமைதியாகத் திருத்தினாராம்.

நண்பர்களே, அவருடைய சமயக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாது என்று ஒதுக்கிய நாட்டிற்கு, தோல் தைத்த கை ஒன்று வந்து, வடமொழி இலக்கணம் எழுதி, அதைக் கற்பிக்கும் நாற்காலியிலும் அமர்ந்தது. அதே காலத்தில் நம் ஊர்ச் சேரிகளில் எத்தனை கேரிகள் குத்தூசியோடு பிறந்து குத்தூசியோடு மடிந்தார்களோ! அவர்களுக்கு அறிவு இல்லாமற் போகவில்லை. கிரேக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு நெசவாளரும், பத்து ஷில்லிங் கொடுக்க ஒரு காட்சும் இல்லாமற் போனார்கள்.

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம் நாம். நம் விடுதி வாயிலில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்போம். மாலையில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவோம். நம் சங்கம் செய்யக்கூடிய தொண்டுகளில் இதைவிடச் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் எனக்குத் தெரியவில்லை.