கடவுளை நம்பாத முதல்வர்

மகர்பட்டாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் விடுமுறை நாளில் பெர்குசன் கல்லூரி சாலைக்குக் கடைவீதி பார்க்கப் போவதுண்டு. அந்தக் கல்லூரிக்கு ஒரு காலத்தில் முதல்வராக இருந்தவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் பெயர் கோபால் கணேஷ் அகர்கர்.

தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் இல்லாத மனிதன் எப்படி ஒழுங்காக இருப்பான்? அகர்கர் விஷயத்தில் அன்றைய புனே நகரத்துக்கும் இதே சந்தேகம்தான்.

1856-ல் சதாரா மாவட்டம் கராடுக்கு அருகே டெம்பு என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கராடு கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு புனே வந்து டெக்கான் கல்லூரியில் படித்தார். இருந்தது ஒரே சட்டை. அதை இரவில் துவைத்துக் காயப்போட்டு, காலையில் அணிந்து கொள்வார் என்று சொல்வார்கள்.

1880-ல் எம்.ஏ. தேறினார். அந்நாளில் எம்.ஏ. என்றால் சர்க்கார் உத்தியோகம் தேடி வரும். மகனால் கஷ்டம் தீரும் என்று தாயார் நம்பியிருந்தார். மகனோ, பெரிய சம்பளத்தை நாடப் போவதில்லை, வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்தால் போதும், மற்ற நேரம் மக்களுக்கே என்று தாயாருக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

1881-ல் தொடங்கிய கேசரி பத்திரிகைக்கு அவரே முதல் ஆசிரியர். கோலாப்பூர் சமஸ்தான விவகாரத்தை வெளியிட்டதற்காக, 1882-ல் திலகரும் அவரும் பம்பாய் டோங்கிரி சிறையில் 101 நாட்கள் இருந்தனர். பின்னர் சமூக சீர்திருத்த விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. 1888-ல் அகர்கர் சுதாரக் என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

குழந்தை மணத்தையும், விதவைகளின் தலையை மழிப்பதையும் அதில் கண்டித்தார். ஒரு செயலால் மனிதருக்கு நன்மையா, துன்பமா என்பதே அவருடைய அளவுகோல். சாஸ்திரம் சொல்கிறது என்பதற்காக ஒரு சிறுமியின் கண்ணீர் தர்மமாகிவிடாது என்பது அவர் கட்சி.

வைதீகர்கள் கொதித்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். அகர்கர் அசையவில்லை. பதிலுக்குப் பிறர் நம்பிக்கையில் அவர் கை வைக்கவும் இல்லை. மனைவி யசோதாபாய் பக்தி உள்ளவர். அவருடைய பூஜைக்கு அகர்கர் ஒரு நாளும் குறுக்கே நின்றதில்லை.

1892-ல் பெர்குசன் கல்லூரி முதல்வரானார். ஆஸ்துமா நோய் அவரை விடவில்லை. 1895 ஜூன் 17 அன்று 38-வது வயதில் காலமானார். தலைமாட்டில் ஒரு சிறு முடிச்சு இருந்ததாம். பிறருக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று, தம் தகனச் செலவுக்காக எடுத்து வைத்த பணம் அது. பிரிந்துபோன நண்பர் திலகர் மனம் கலங்கிக் கேசரியில் இரங்கல் எழுதினார்.

கடவுள் பார்க்கிறார் என்று நேர்மையாக நடப்பவர்கள் பலர் உண்டு. அது நல்லதே. மேலிருந்து யாரும் பார்க்கவில்லை என்று எண்ணியும் அகர்கர் நேர்மை தவறவில்லை. அடுத்தவர் துன்பம் அவர் கண்ணில் பட்டது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.