ஒலிம்பிக் ஹாக்கி கேப்டனுக்கும் அவலாஞ்சிக்கும் என்ன தொடர்பு? ஜெய்பால் சிங் முண்டாவின் கதை

நீலகிரியின் அவலாஞ்சி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது மழைதான். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்த ஊர் அது. ஆனால் அவலாஞ்சியைச் சுற்றியுள்ள குந்தா மலைப்பகுதி, தோடர்களின் மந்துகளும் அவர்களுடைய எருமைகள் மேயும் புல்வெளிகளும் இருக்கும் இடமும்கூட. அங்கிருந்து ஒரு தோடர் மாணவி கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது கையில் எடுத்துப் போகும் காகிதம் எஸ்.டி. சான்றிதழ்.

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் அரசியல் நிர்ணய சபையில் நடந்த ஒரு நீண்ட வாக்குவாதம் இருக்கிறது. பழங்குடிகள் தரப்பில் அதில் உரக்கப் பேசியவர், இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி அணியின் கேப்டன். பெயர் ஜெய்பால் சிங் முண்டா. அவர் நீலகிரிக்காரர் இல்லை. ஆனாலும் அவர் வாதாடியதில் நீலகிரிக்கும் பங்கு உண்டு.

யார் இந்த ஜெய்பால் சிங்?

இன்றைய ஜார்க்கண்டில் குந்தி அருகேயுள்ள தக்ரா கிராமத்தில் 1903 ஜனவரி 3 அன்று, முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் மாடு மேய்த்த பையன். ராஞ்சியில் உள்ள செயின்ட் பால் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். படிப்பிலும் விளையாட்டிலும் அவர் கெட்டிக்காரராக இருப்பதைக் கவனித்த பள்ளித் தலைமையாசிரியர், 1918-ல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். அங்கேதான் ஹாக்கி அவரைப் பிடித்துக்கொண்டது. ஃபுல்பேக், அதாவது கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் இடம் அவருடையது. பல்கலைக்கழக அணிக்கு ஆடி, 'ப்ளூ' என்ற கௌரவத்தையும் பெற்றார். அடுத்து ஐ.சி.எஸ். தேர்விலும் தேறினார். அன்றைய இந்தியாவில் அதற்கு மேல் ஒரு வேலை கிடையாது.

வேலையா, ஹாக்கியா?

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்தியா முதல் முறையாக ஹாக்கி அணியை அனுப்பியது. கேப்டனாக ஜெய்பால் சிங் தேர்வானார். அப்போது அவர் இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தார். லீவு கேட்டார். லண்டனில் இருந்த இந்தியா அலுவலகம் மறுத்துவிட்டது. அவரோ லீவு இல்லாமலே கிளம்பிப் போய்விட்டார்.

இந்தியா அந்தத் தொடரில் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள்: ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0, மே 26 அன்று நடந்த இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0. மொத்தம் 29 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை. அதில் 14 கோல் தியான் சந்த் அடித்தது. இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

ஆனால் அந்த இறுதிப் போட்டியில் கேப்டன் ஜெய்பால் சிங் ஆடவில்லை. ஆங்கிலேய அணி மேலாளருடன் ஏற்பட்ட மனக்கசப்புதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ப்ரூம் எரிக் பின்னிகர்தான் அன்று அணியை நடத்தினார்.

லண்டன் திரும்பியதும் அடுத்த பிரச்சினை காத்திருந்தது. லீவு இல்லாமல் போனதற்காக, பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் சொன்னார்கள். ஜெய்பால் சிங் ஒப்புக்கொள்ளவில்லை. ஐ.சி.எஸ். வேலையையே உதறிவிட்டார்.

ராஞ்சிக்கு எப்படித் திரும்பினார்?

அடுத்த பத்தாண்டுகள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. காங்கிரஸின் முதல் தலைவரான டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாராவுடன் திருமணம். பிறகு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர் பணி. அதன்பின் ராய்ப்பூர் ராஜகுமார் கல்லூரியிலும், பிகானேர் சமஸ்தானத்திலும் பதவிகள்.

1939 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஆதிவாசி மகாசபை மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். ஊரை விட்டுப் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலத்தை இழந்து, சுரங்கத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் கூலிகளாகிக்கொண்டிருந்த தன் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்பது அன்று முதல் அவருடைய அரசியலாயிற்று. மக்கள் அவரை 'மரங் கோம்கே' என்று அழைத்தார்கள். முண்டாரியில் 'பெரிய தலைவர்' என்று அர்த்தம்.

அரசியல் நிர்ணய சபையில் என்ன பேசினார்?

1946-ல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். டிசம்பர் 19 அன்று, நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேசினார். தன்னை ஒரு காட்டுவாசி என்று பெருமையாகவே அறிமுகப்படுத்திக்கொண்டார். பழங்குடிகளுக்கு யாரும் ஜனநாயகம் சொல்லித்தர வேண்டாம், அதை அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வளவு பெரிய சபையில் பழங்குடி உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருப்பதையும் சுட்டிக்காட்டினார்.

பழங்குடிப் பகுதிகளுக்கான துணைக்குழுவிலும் இருந்தார். சட்டமன்றத்தில் தனித் தொகுதிகள் வேண்டும் என்றார். மதுவிலக்கை அரசின் கொள்கையாக எழுத முனைந்தபோது, அரிசிக் கள் தங்கள் சடங்குகளின் பகுதி என்று எதிர்த்தார். பழங்குடியினர் ஆலோசனைக் குழுவின் அதிகாரம் கடைசி வரைவில் குறைக்கப்பட்டபோதும் கண்டித்தார்.

'ஆதிவாசி' என்ற சொல்லே அரசியல் சாசனத்தில் வர வேண்டும் என்றும் கேட்டார். அது கிடைக்கவில்லை. 'பட்டியல் பழங்குடியினர்' என்பதே நிலைத்தது. மண்ணின் முதல் மக்கள் என்ற உரிமைக் குரல், அரசு தயாரிக்கும் ஒரு பட்டியலாகச் சுருங்கியது.

நீலகிரிக்கு வந்தது என்ன?

அந்தப் பட்டியல் 1950-ல் வெளியானது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் பட்டியலில் இருக்கின்றன. பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிகள் என்று மத்திய அரசு தமிழ்நாட்டில் தனியாக அடையாளம் கண்டிருப்பதும் இந்த ஆறு சமூகங்களைத்தான். அவலாஞ்சி மாணவியின் சான்றிதழும், தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு உள்ள 1 சதவீத இடஒதுக்கீடும் இந்தப் பட்டியலை நம்பித்தான் நிற்கின்றன.

கிடைக்காததும் உண்டு. நிலப் பாதுகாப்புக்கு வழிசெய்யும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் பத்து மாநிலங்களில் இருக்கின்றன, தமிழ்நாட்டில் இல்லை. இங்கே இருப்பது பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும்தான். பழங்குடிகளுக்கான சட்டமன்றத் தனித் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். நீலகிரியில் ஒன்றுகூடக் கிடையாது.

கடைசிக் காலம்

1952 பொதுத்தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்து முக்கிய எதிர்க்கட்சியானது. ஆனால் 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தனி மாநிலக் கோரிக்கையை நிராகரித்தது. கட்சி தேய ஆரம்பித்தது. 1963-ல் அதைக் காங்கிரஸில் இணைத்தார். கொஞ்ச காலம் பீகார் அமைச்சராகவும் இருந்தார். இயக்கத்தை விற்றுவிட்டார் என்ற கோபம் அவருடைய சொந்த மக்களிடமே எழுந்தது. அந்த விமர்சனம் இன்றும் முழுதாக ஓயவில்லை.

1970 மார்ச் 20 அன்று டெல்லியில் காலமானார். சாகும்போதும் நாடாளுமன்ற உறுப்பினர்தான். அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் 2000 நவம்பர் 15 அன்று பிறந்தது. ராஞ்சியில் ஒரு விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஹாக்கி ரசிகர்களுக்கு 1928 என்றால் தியான் சந்த், அது நியாயம்தான். ஆனால் அந்த அணியின் கேப்டன் போட்ட இன்னொரு ஆட்டத்தின் பலன், அவலாஞ்சி மாணவியின் சான்றிதழ் வரை வந்திருக்கிறது. நிலமும் பிரதிநிதித்துவமும் பற்றி அவர் எழுப்பிய கேள்விகளுக்கு நீலகிரியில் இன்னும் முழு பதில் வரவில்லை.