கைவிளக்கேந்திய காரிகை

நோயுற்ற அறவோர்க்குப் பணிவிடை செய்தலை வையாவிருத்தியம் எனப் பெயரிட்டு, அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்துப் போற்றுவது நம் அறம். பிணியாளர்க்குச் செய்யும் பணிவிடையையே வாழ்வாகக் கொண்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

1820 மே 12ஆம் நாள் இத்தாலியில், ஆங்கிலேயச் செல்வக் குடியில் பிறந்தார். 1850இல் ஏதென்ஸ் நகரில் சிறுவர்களிடம் அகப்பட்டுத் துன்புற்ற ஆந்தைக் குஞ்சொன்றை மீட்டு வளர்த்தார். செவிலியர் பணியை இழிதொழிலெனக் கருதிய குடும்பத்தார் தடுத்தும் உறுதி தளர்ந்திலர். 1851இல் செருமனியில் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்டிரோடு துருக்கி நாட்டு ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். போர்ப்புண்ணால் மாண்டவரினும் காய்ச்சலாலும் கழிச்சலாலும் மாண்டவரே அங்கு மிகுதி. வெளுத்த துணியும் நல்லுணவும் கிடைக்கச் செய்தார்; இரவில் விளக்கேந்திப் படுக்கைதோறும் சென்று நலம் வினவினார். 1855இல் சாக்கடைகள் தூய்மை செய்யப்பெற்றபின் சாவு வெகுவாகக் குறைந்தது. 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி கண்டார். 1910இல் மறைந்தார்.

அவர் பிறந்த நாளே உலகச் செவிலியர் நாள். நோய் தீர்ந்து இல்லம் திரும்புகையில் மருத்துவரை வணங்குகிறோம். இரவெல்லாம் விழித்திருந்து நம் அன்னையின் புண் துடைத்த செவிலியரின் பெயரையேனும் கேட்கிறோமா? அக்கைகளுக்கு நன்றி கூறுதலும் அறமே என்போம்.