சிதம்பரத்தில் சிக்னல் கட்டானா... ராலே பிரபுவைக் கேளுங்க!

கடலூர்ல பஸ் ஏறி, சிதம்பரம் கீழவீதிக்கு வந்துட்டீங்க. ஃப்ரெண்டுக்கு வீடியோ கால் போட்டா, சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டடி நகர்ந்தா பளிச்சுனு முகம் தெரியுது! டவர் அங்கேயேதான் நிக்குது, நகர்ந்தது நீங்கதான். இந்தக் கண்ணாமூச்சிக்கு 1880-லேயே கணக்குப் போட்டு வெச்சவர், வானம் ஏன் நீலம்னு ஸ்கூல்ல படிச்சப்போ வந்தாரே, அதே ராலே பிரபு.

1842-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்த ஜான் வில்லியம் ஸ்ட்ரட்தான் அவர். நிலபுலன் உள்ள பிரபுக் குடும்பம். ஆனா, உடம்புதான் ஒத்துழைக்கலை. பள்ளிப் படிப்பே விட்டு விட்டுத்தான் நடந்தது. அப்படிப்பட்டவர் 1865-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம்! 1872-ல் வாதக் காய்ச்சல் ஆளைச் சாய்க்க, தேறி வர எகிப்து போனார். நைல் நதிப் படகில் ஓய்வெடுக்கச் சொன்னா, மனுஷன் ஒலியைப் பத்தி புத்தகம் எழுத ஆரம்பிச்சுட்டார்.

ஒலியில்தான் அந்தக் கேள்வியும் வந்தது. ஒரே சுருதியில் ஏகப்பட்ட அலைகள், முன்னும் பின்னுமா ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தா மொத்தச் சத்தம் எவ்வளவு? கடலூர் சில்வர் பீச்சில் பாருங்க. ரெண்டு அலையின் மேடும் மேடும் சேர்ந்தா எகிறும். மேடும் பள்ளமும் சேர்ந்தா அடங்கிடும். எண்ணற்ற அலைகள் கலந்தா, ஓர் இடத்தில் என்ன ஆகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனா, எவ்வளவு அடிக்கடி அடங்கும்னு சொல்லலாம். ராலேயின் 1880 கட்டுரை தந்தது அந்தக் கணக்கைத்தான். ரேடியோ அலை இருக்குன்னு ஹெர்ட்ஸ் நிரூபிக்கவே இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது!

கட்டடம், பஸ், சுவர்னு மோதித் தெறிச்சு வர்ற செல்போன் அலைக்கும் அதே கணக்குதான். நேர்வழியே இல்லாம எல்லாம் தெறிச்சு வந்தா, சிக்னலின் சக்தி சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழ கிட்டத்தட்ட 10% வாய்ப்பு. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஆன்டெனா வெச்சா? அதன் ஏற்ற இறக்கம் தனியா இருக்கும். ரெண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழ வாய்ப்பு வெறும் 1%. நாலு வெச்சா பத்தாயிரத்தில் ஒண்ணு. டவரின் சக்தியைக் கூட்டவே வேணாம்! 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 செ.மீ. அதில் பாதி தூரம் தள்ளி வெச்சாலே போதும், அதுக்கு உங்க போன்லயே இடம் இருக்கு. 4ஜி போன்ல சிக்னல் வாங்க ரெண்டு ஆன்டெனா இருக்கிறது இதுக்கும்தான்.

விவசாயம் படுத்து வருமானம் குறைஞ்சதால், 1879-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் வேலைக்குப் போனார் ராலே. (பிரபுவுக்கும் பட்ஜெட் பிரச்னை!) அங்கே அவர்கிட்ட படிச்சவர்தான் நம்ம ஜகதீஷ் சந்திர போஸ். 1895-ல் கல்கத்தாவிலிருந்து போஸ் அனுப்பிய மின்னலை ஆய்வை ராயல் சொசைட்டியிடம் சேர்த்தவரும் இந்த குருதான்.

1904-ல் நோபல் கிடைச்சது, ஆர்கான் வாயுவைக் கண்டுபிடிச்சதுக்கு. பணத்தைக் கேம்பிரிட்ஜுக்கே கொடுத்துட்டார். 1919-ல் மறைஞ்சார். தள்ளித் தள்ளி மூணு ஆன்டெனா நட்டு, மங்கும் ரேடியோவைப் பிடிச்சுக் காட்டிய அமெரிக்க இன்ஜினீயர்களின் கட்டுரை வந்தது 1931-ல். கீழவீதியில் உங்க காலைக் கட் பண்ணுதே, அந்த மங்கலுக்கு இன்ஜினீயர்கள் வெச்ச பேரு, ராலே ஃபேடிங்.