மாதர் சங்கம் கட்டிய ஆஸ்பத்திரி



நம்மில் பிள்ளை பெற்றவர்கள் அநேகம் பேர் அந்தப் பெயரை ஒரு தடவையாவது கேட்டிருப்போம். மாசமானதும் நர்ஸம்மாவிடம் பதிந்து, பேங்க் புத்தக நகல் கொடுத்து, பணம் எப்ப ஏறும் என்று காத்திருப்போமே, அந்த மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றுதான் பெயர். பணம் வந்திருச்சா என்று கேட்போம். அந்த அம்மா யார் என்று கேட்க மாட்டோம். நானும் கேட்டதில்லை.

நம்ம கூட்டத்தில் ஒருநாள் பேச்சு வந்தது. வயசுப் பிள்ளைகளுக்கு மார்பகப் புற்றுநோய் பற்றி எடுத்துச் சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா மார்பில் கட்டி இருப்பதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் சேலைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். வலியே இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தார். மதுரைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. அந்த நினைப்பில் நான் கையைத் தூக்கிவிட்டேன். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தேடிப் படிக்கப் போனபோதுதான் முத்துலட்சுமி அம்மாவின் கதை எனக்குத் தெரிந்தது. இது நம்மைப் போன்ற சங்கத்துப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

அவர் 1886-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம், ராஜா ஆட்சி. அப்பா நாராயணசாமி ஐயர், படித்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி என்று சொல்லப்பட்ட குலத்தில் வந்தவர். அந்தக் குலத்துப் பெண் பிள்ளைகளைச் சின்ன வயசிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் என்பது அவர்களுக்கு இல்லை. சந்திரம்மாளோடு குடும்பம் நடத்தியதால் நாராயணசாமி ஐயரைச் சொந்தபந்தம் ஒதுக்கி வைத்தது. ஆக, ஊர் என்ன பேசும் என்பதைப் பிறந்ததிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. நம்ம பக்கத்திலும் அந்த வழக்கம் ரொம்ப காலம் இருந்ததுதானே. ஆனால் அப்பா விடவில்லை, வீட்டிலேயே படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்த பிறகு காலேஜுக்குப் போக வேண்டும் என்றார் பிள்ளை. புதுக்கோட்டையில் இருந்தது ஆண் பிள்ளைகள் படிக்கிற மகாராஜா காலேஜ் ஒன்றுதான். ஒரு பெண்ணை, அதுவும் அந்தக் குலத்துப் பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரிய எதிர்ப்பு. ராஜாவே தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூடின வண்டியில் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பாடம் படிக்க வந்த பிள்ளைக்குத் திரை போட்ட காலம் அது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார், பரிசும் பதக்கமும் வாங்கி. எழும்பூரில் அரசாங்க மகப்பேறு ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி, அவர் சம்மதித்த பிறகே நடந்த கல்யாணம். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

கை நிறைய வேலை, நல்ல பெயர், நல்ல குடும்பம். அப்போதுதான் அந்த வீட்டில் இடி விழுந்தது. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. சின்ன வயசு. அக்கா டாக்டர், மாமா டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. தங்கை வேதனைப்பட்டு இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த நோய்க்கென்று நம்ம ஊர்ப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரிகூட இல்லையே என்ற எண்ணம் அன்றைக்கு மனசில் விழுந்தது. அது கடைசி வரைக்கும் போகவில்லை.

1925-ல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேல்பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் பார்த்து, அந்த வைத்தியம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தார். திரும்பி வந்ததும் இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் அவரை விடவில்லை. 1917-ல் சென்னை அடையாறில் தொடங்கிய சங்கம் அது. பெண்களுக்கு ஓட்டுரிமை, படிப்பு, சுகாதாரம் என்று பேசிக்கொண்டிருந்த சங்கம். அவர்கள் முயற்சியால் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முத்துலட்சுமி அம்மா நியமன உறுப்பினர் ஆனார். அங்கே முதல் பெண் உறுப்பினர் அவர்தான். சபையின் துணைத் தலைவராகவும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டசபையில் அவர் கேட்டதெல்லாம் நம்ம வீட்டுக் காரியம்தான். குழந்தைக் கல்யாணம் கூடாது என்றார். பெண் பிள்ளைகள் படிப்புக்கு உதவி கேட்டார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வசதி கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை டாக்டர் வந்து பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டு நடத்திக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் உடம்பைப் பற்றிப் பேசுவது ஏதோ புதுசாக வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்த பேச்சு அது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதாவுக்குப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எதிர்ப்பு. விடாமல் வாதாடினார். அந்தச் சட்டம் முழுசாக வந்தது 1947-ல்தான். அதற்கு முன்னாலேயே, 1930-ல், காந்தி கைதானதற்கு எதிர்ப்பாகப் பதவியை விட்டுவிட்டார். அதே சமயத்தில் தேவதாசி வீட்டிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்காதபோது, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அடையாறு ஔவை இல்லம். இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இத்தனை வேலைக்கு நடுவிலும் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935-ல் தான் படித்த மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசும்போது, புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று சபையறியச் சொன்னார். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் அரசாங்கத்தில் கேட்டுப் பார்த்தார். சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்கிற மாதிரிதான் பதில் கிடைத்தது. ஜனங்களும் அப்படித்தான் நினைத்தார்கள். புற்றுநோய் வந்தால் விதி, அது தொத்திக்கொள்ளும், வீட்டில் சொன்னால் கல்யாணம் காட்சி நின்றுபோகும் என்ற பயம்.

அப்போது அவர் திரும்பிப் பார்த்தது சங்கத்தைத்தான். 1949-ல் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார்கள். பெரிய மனிதர்களிடமும் கேட்டார்கள், சாதாரண ஜனங்களிடமும் கேட்டார்கள். சேமிப்புப் பெட்டியில் மாசாமாசம் சந்தா போடுகிற நமக்கு, சிறுகச் சிறுகச் சேர்வது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கை. அந்த அம்மாவுக்கு அப்போது 68 வயசு ஆகப்போகிறது. தங்கை இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர்தான். புற்றுநோய் வைத்தியம் படித்து வந்து அந்த ஆஸ்பத்திரியை நடத்தினார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். நல்ல அரசாங்க வேலை கையில் இருந்தும் அதை விட்டு இங்கே வந்தவர். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரியில் இறக்கும் வரைக்கும் நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். முத்துலட்சுமி அம்மாவுக்கு 1956-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். இப்போது அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறோம். 12 படுக்கையில் தொடங்கியது இன்றைக்கு நூற்றுக்கணக்கான படுக்கையுள்ள அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். அதன் பெயரோடு அந்த மாதர் சங்கத்தின் பெயரும் சுருக்கெழுத்தாக இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு மகளிர் சங்கம் கட்டிய ஆஸ்பத்திரி என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சகோதரிகளே, ஆஸ்பத்திரி கட்டுவதை அவர்கள் செய்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குக் காலத்தோடு ஆளை அனுப்புகிற வேலைதான் நமக்கு மிச்சம். அருப்புக்கோட்டையில் மில்லுக்கும் தறிக்கும் போகிறவர்கள், விடியுமுன்னே மல்லிகைப்பூ பறிக்கப் போகிறவர்கள், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்தில் நிற்கிறவர்கள், யாருக்கும் தன் உடம்பைப் பார்க்க நேரமில்லை. ஒருநாள் சம்பளம் போயிரும் என்று வலியைக்கூடத் தள்ளிப்போடுகிறோம். வலியில்லாத கட்டியை யார் பார்ப்பது?

உலகம் முழுக்க 2022-ல் மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நம்ம நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதல் இடத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கலாம். மார்பில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோயும் இல்லை. நிறையக் கட்டிகள் சாதாரணக் கட்டிதான். எது எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான். இந்த நோய் உங்கள் வயசில் வருவது ரொம்ப அபூர்வம், பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் உடம்பு எப்படி இருக்கும் என்று இப்பவே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ வருவது, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று அளவு மாறுவது, இதில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். இது தொத்து நோய் இல்லை. யாருடைய பாவமும் இல்லை. தாய்ப்பால் கொடுப்பது கொஞ்சம் பாதுகாப்பு, ஆனால் பால் கொடுத்தவர்களுக்கு வரவே வராது என்றும் இல்லை. அம்மா, அக்கா, தங்கைக்கு இந்த நோய் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

முதல் நாள் மார்பகம் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்ன பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். எல்லாம் முடிந்து போகும்போது ஒரு பிள்ளை மட்டும் பின்தங்கி நின்று, எங்க அம்மாச்சிக்குக் கட்டி இருக்கு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்காங்க அத்தை என்றாள். மறுவாரம் அந்த அம்மாச்சியை நாங்கள் இரண்டு பேருமாகப் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதனையில் சாதாரணக் கட்டி என்றே வந்தது. வருகிற வழியில் அம்மாச்சி பேத்திக்குப் பூ வாங்கிக் கொடுத்தார். இத்தனை நாள் ராத்திரி தூங்கவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

30 வயசு தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் மார்பகப் பரிசோதனை இலவசம். கர்ப்பப்பை வாய்க்கும் அங்கேயே பார்க்கிறார்கள். சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். வீட்டுக்கு விலக்கு முடிந்த சில நாளில் மாசம் ஒருமுறை நாமே பார்த்துக்கொள்ளலாம். மாதவிலக்கு நின்றவர்கள் சந்தா கட்டுகிற தேதியை வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. நாமே பார்த்தாச்சு என்று டாக்டரிடம் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் இந்த வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய படிப்பு வேண்டாம். பத்தாவது படித்த நானே சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஒரு தங்கைக்காக முப்பது வருஷம் அலைந்த அந்த அம்மாவுக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.