இரண்டு பெட்டி நிறைய ஓவியம்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு எழுதச் சொன்னதும் சமையல் குறிப்பு எழுதலாம்னுதான் இருந்தேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, கொஞ்சம் தையல் தெரியும். ஆனா ஒரு அம்மாவோட கதை ரொம்ப நாளா மனசுல கிடக்கு. அதையே எழுதுறேன்.

அவங்க பேரு பிரீடில் டிக்கர். 1898-ல் ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாங்க. நாலு வயசிலேயே அம்மா தவறிட்டாங்க. அப்பாவுக்குக் காகிதம், எழுதுபொருள் விக்கிற கடையில் வேலை. அங்கிருந்து வந்த தாளும் கலர் பென்சிலும்தான் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்.

வளர்ந்ததும் துணிக்கலை படிச்சாங்க. 1919-ல் ஜெர்மனியில் வைமார் என்ற ஊரில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி ஆரம்பிச்சதும் அங்கே சேர்ந்து நெசவு, அச்சு, புத்தகம் கட்டுறதுன்னு எல்லாம் கத்துக்கிட்டாங்க. படிக்கும்போதே புதுசா சேர்ந்த மாணவர்களுக்குப் பாடம் எடுக்க விட்டாங்க. பிறகு வியன்னாவில் கூட்டாளியோட சேர்ந்து தொழில் நடத்தினாங்க. துணி வடிவமைப்பு, நாற்காலி, மேசை, வீட்டு உள்வேலை, ஒரு பாலர் பள்ளிக்கு வேண்டிய சாமான்கள்னு நிறைய செஞ்சாங்க.

1934-ல் அரசியல் காரணமா போலீஸ் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. வெளியே வந்ததும் செக்கோஸ்லோவாக்கியா நாட்டுப் பிராக் நகரத்துக்குப் போயிட்டாங்க. தன்னை மாதிரி ஊரை விட்டு வந்தவங்க பிள்ளைகளுக்கு அங்கே படம் வரையச் சொல்லிக் கொடுத்தாங்க. 1936-ல் உறவுக்காரர் பாவெல் பிராண்டைஸைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டாங்க. ஆசைப்பட்ட குழந்தை வயித்துலேயே கலைஞ்சு போச்சு. அந்த வலி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.

1938-ல் குரோனோவ் என்ற சின்ன ஊருக்குக் குடி போனாங்க. அங்கே துணி மில்லுக்கு டிசைன் வரைஞ்சு கொடுத்தாங்க, அதுக்குப் பரிசும் வாங்கினாங்க. மறு வருஷமே ஹிட்லர் படை வந்துட்டது. யூதர்களுக்கு வேலை கூடாதுன்னு சட்டம் வந்து ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. இவங்களுக்குப் பாலஸ்தீனம் போக அனுமதி கிடைச்சும், கணவருக்குக் கிடைக்காததால போகலை.

1942 டிசம்பரில் ரெண்டு பேரையும் தெரேசின் முகாமுக்குக் கொண்டு போனாங்க. ஆளுக்கு 50 கிலோதான் எடுத்துப் போகலாம். நாமளா இருந்தா என்ன கட்டுவோம்? போர்வை, பாத்திரம், பருப்பு, கொஞ்சம் கருவாடு. அவங்க கட்டினதுல தாளும் பெயின்டும்தான் நிறைய.

முகாமில் ஆயிரக்கணக்கான பிள்ளைங்க தாய் தகப்பனை விட்டுப் பிரிஞ்சு, பசியோட விடுதிகள்ல நெருக்கியடிச்சுக் கிடந்தாங்க. பள்ளிக்கூடம் நடத்தத் தடை இருந்தது, ஆனா படம் வரையறதைப் பெரிசா கண்டுக்கலை. அந்தச் சந்தில்தான் பிரீடில் புகுந்தாங்க. தாள் தீர்ந்ததும் ஆபீஸ் பாரங்களோட பின்பக்கத்தில் வரைய வச்சாங்க. கழிவுக் காகிதத்தை வெட்டி ஒட்ட வச்சாங்க. தாளம் தட்டி, அதுக்கு ஏத்தாப்ல கோடு இழுக்கச் சொல்வாங்க. இதைத்தான் வரையணும்னு வற்புறுத்த மாட்டாங்க. பயந்த பிள்ளை பயத்தை வரையும், வீட்டு ஞாபகம் வந்த பிள்ளை சாப்பாட்டு மேசையை வரையும், பூவும் பட்டாம்பூச்சியும் கூட வரும். ஒரே விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: வரைஞ்சு முடிச்சதும் தன் பேரை எழுதணும். முகாமில் மனுஷங்களுக்கு நம்பர்தான். அவங்க ஒவ்வொரு பிள்ளையையும் பேரோட வச்சாங்க. நம்ம குழுவில் கைநாட்டு வச்சுக்கிட்டிருந்த அக்காமார் முதல் தடவை தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டப்போ அவங்க முகத்தைப் பார்த்திருக்கீங்கல்ல, அதை நினைச்சா இது புரியும்.

1944 செப்டம்பர் கடைசியில் பாவெலை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிட்டாங்க. பிரீடில் தானாகவே பேர் கொடுத்து, கொஞ்ச நாளில் அடுத்த வண்டியில் கிளம்பிட்டாங்க. அக்டோபர் 9-ல் அங்கே விஷவாயுவில் கொன்னுட்டாங்க. வயசு 46. பாவெல் உயிரோட திரும்பினார். இதைக் குழுவில் சொன்னப்போ ரெண்டு கட்சி ஆயிடுச்சு. புருஷன் பின்னாடி போனதுதான் சரின்னு பெரியவங்க சொன்னாங்க. இருந்திருந்தா இன்னும் நூறு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களேன்னு நான் சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். ஆனா அந்த இடத்தில் நின்னது நான் இல்லை.

கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளைங்க வரைஞ்சதை எல்லாம் ரெண்டு பெட்டியில் அடுக்கி மறைச்சு வச்சுட்டுப் போயிருந்தாங்க. சுமார் 4,500 படம். 1945-ல் போர் முடிஞ்சதும் வில்லி குரோக் என்ற விடுதிப் பொறுப்பாளர் அதைப் பத்திரமா பிராக்குக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அங்கே யூத அருங்காட்சியகத்தில் இன்னைக்கும் இருக்கு. வரைஞ்ச பிள்ளைங்கள்ல ரொம்பப் பேர் பிழைக்கலை. பிராக்கில் அவங்ககிட்ட படிச்ச எடித் கிரேமர் என்ற பெண் அமெரிக்கா போய், மனசு நொந்த பிள்ளைகளுக்குப் படம் வரைய வச்சே சிகிச்சை செய்யற முறையை வளர்த்தாங்க.

பிள்ளைங்க பேர் எழுதின படங்களைப் பார்த்துத்தான் எது யார் வரைஞ்சதுன்னு இப்பவும் சொல்ல முடியுது. பிரீடில் அந்த முகாமில் தான் வரைஞ்ச படங்கள்ல பெரும்பாலும் கையெழுத்தே போடலை.